தூக்கத்தில் துடிப்பு 48: பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் நைட் ஷிப்ட். மகன் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்சைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறார். ராத்திரி 2 மணிக்கு இதயத் துடிப்பு 48 என்று காட்டுகிறது. விடியற்காலையில் 80 வரை ஏறி இறங்குகிறது. நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கினால் அவ்வளவு குறைவதில்லை. குறட்டையும் உண்டு. தூக்கத்திலேயே ஏதாவது ஆகிவிடுமோ?
- வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: அந்த 48-ஐ நினைத்துக் கலங்காதீர்கள், அம்மா. நிமிடத்துக்கு 60 முதல் 100 என்பது விழித்திருப்பவருக்கான கணக்கு. ஆழ்ந்த தூக்கத்தில் வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தை மட்டுப்படுத்தும். நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களுக்கும் அப்போது துடிப்பு ஐம்பதுக்குக் கீழே இறங்குவது சகஜம்.

விடியற்காலை ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் கனவுத் தூக்கம். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மேனும் விவரித்த தூக்க நிலை இது. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும். மூச்சும் துடிப்பும் சீராக இருக்காது. பின்னிரவில்தான் இது அதிகம்.

ஷிப்ட் மாறியதும் உடலின் கடிகாரம் உடனே மாறிவிடாது. பகலில் அது உடலை விழிக்க வைக்கவே பார்க்கும். அதனால் தூக்கமும் மேலோட்டமாகிறது, துடிப்பும் முழுதாக இறங்குவதில்லை. அறையை நன்றாக இருட்டாக்குங்கள். ஷிப்ட் முடிகிற நேரத்தில் குடிக்கும் டீயை அவர் விடட்டும்.

எனக்குக் கவலை அந்தக் குறட்டைதான். அவர் தூங்கும்போது பக்கத்தில் இருந்து கவனியுங்கள். குறட்டை சட்டென்று நின்று, 10 விநாடிக்கு மேல் மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திணறி மூச்சை இழுக்கிறாரா? அப்படியானால் அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். மூச்சு நிற்கும்போது துடிப்பு குறையும், திரும்பும்போது எகிறும். ரத்த அழுத்தமும் ஏறும். மூச்சு நின்று திணறுவதைச் செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஓடுகிற மெஷின் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவர் இப்படித் தூக்கம் கெட்டு வேலை நேரத்தில் கண் சொருகினால் ஆபத்து, தள்ளிப்போட வேண்டாம்.

பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோபுரலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறாரா? அவையும் துடிப்பைக் குறைக்கும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வாட்ச் பட்டை தளர்ந்திருந்தாலும் தப்பாகக் காட்டும். சந்தேகம் வந்தால் மணிக்கட்டில் நாடி பிடித்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள்.

விழித்திருக்கும்போதும் துடிப்பு ஐம்பதைத் தாண்டாமல் தலைசுற்றல், மூச்சு வாங்குதல் இருந்தால் அரசு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துவிடுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.