யூட்யூப் இரண்டு மணி நேரம் தொலைந்த கதை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், இந்த இன்டர்நெட்டுக்கு முதலாளி யார்?"

நியாயமான கேள்விதான். கரண்டுக்கு மின்வாரியம் இருக்கிறது. கேபிள் டிவிக்கு ஆபரேட்டர் இருக்கிறார். அதுபோல இதற்கும் எங்கோ ஒரு பெரிய அலுவலகமும், அதில் ஒரு மெயின் சுவிட்சும் இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி எதுவும் இல்லை. உலகெங்கும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி நெட்வொர்க்குகள் இருக்கின்றன. உங்கள் இன்டர்நெட் நிறுவனம் அதில் ஒன்று. பல்கலைக்கழகங்கள், வங்கிகள், கூகுள் போன்ற கம்பெனிகள், அரசு அமைப்புகள் ஆகியவை மற்றவை. இவை தங்களுக்குள் கைகோத்துக் கொண்டதன் பெயர்தான் இன்டர்நெட்.

முதலாளி இல்லாத இடத்தில் யார் சொல்வது நடக்கும்? ஒரு நாட்டு அரசாங்கம் "இதைப் பார்க்கக் கூடாது" என்றால் அது எப்படி நிறைவேறுகிறது? அந்த நாட்டில் போட்ட தடை அடுத்த நாட்டில் இருப்பவரையும் பாதிக்குமா? இவற்றுக்கு விடை தெரிய வேண்டுமானால், நீங்கள் கேட்கும் ஒரு வெப் பக்கம் எந்த வழியாக வந்து சேர்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்த்து விடலாம்.

வழியைக் கண்ணால் பாருங்கள்

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு நிறத்தில் ஒரு விண்டோ திறக்கும். பயப்பட வேண்டாம், இங்கே நாம் எதையும் அழிக்கப் போவதில்லை. அதில் டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி என்று ஏழு ஆங்கில எழுத்துக்களை இடைவெளி இல்லாமல் டைப் செய்யுங்கள். இந்தக் கட்டளையின் பெயர் டிரேசர்ட். அதன் பின் ஓர் இடைவெளி விட்டு, ஏதேனும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் வெப் முகவரியைக் கொடுத்து என்டர் தட்டுங்கள்.

வரி வரியாக எண்கள் வரத் தொடங்கும். ஒவ்வொரு வரியும் ஒரு ரவுட்டர், அதாவது தகவலை வாங்கி அடுத்த கைக்குத் தள்ளிவிடும் கருவி. முதல் வரியில் இருப்பது பெரும்பாலும் உங்கள் வீட்டு மோடம்தான். அடுத்த சில வரிகள் உங்கள் இன்டர்நெட் நிறுவனத்துக்கு உரியவை. ஒவ்வொரு வரியிலும் மூன்று நேர அளவுகள் மில்லி செகண்டில் இருக்கும். ஏதோ ஓரிடத்தில் இந்த எண் சட்டென்று நூறைத் தாண்டிக் குதித்தால், உங்கள் தகவல் பெரும்பாலும் அங்கேதான் கடலைக் கடந்திருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் ஐ2ஐ கேபிள் 2002-இல் செயல்படத் தொடங்கியது. அதன் பிறகு வேறு பல கேபிள்களும் சென்னைக் கரையைத் தொட்டுவிட்டன. சில வரிகளில் வெறும் நட்சத்திரக் குறிகள் வரலாம். அந்த ரவுட்டர் பதில் சொல்ல விரும்பவில்லை என்று பொருள், உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை.

கூகுள், யூட்யூப் முகவரிகளைக் கொடுத்தால் பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடும். அவர்கள் நம் நாட்டிலேயே சர்வர்களை வைத்திருப்பதுதான் காரணம்.

சரி, இந்த ரவுட்டர்களுக்கு வழி எப்படித் தெரிகிறது? மேப் வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தெரியாத ஊரில் டீக்கடைக்கு டீக்கடை வழி கேட்டுப் போவது போலத்தான். "இந்த முகவரிகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன" என்று ஒரு நெட்வொர்க் தன் பக்கத்து நெட்வொர்க்குகளிடம் அறிவிக்கும். அவை தங்கள் பக்கத்தில் உள்ளவர்களிடம் "என் வழியாக வந்தால் அங்கே போகலாம்" என்று சொல்லும். இப்படியே செய்தி உலகம் சுற்றிவிடும். இந்த முறைக்கு பிஜிபி என்று பெயர். 1989 ஜனவரியில் நடந்த ஒரு கூட்டத்தின் மதிய உணவு வேளையில், இரண்டு இன்ஜினியர்கள் கை துடைக்கும் பேப்பரில் வரைந்த திட்டம் இது. அதே ஆண்டு ஜூனில் முறையான ஆவணமாக வெளிவந்தது. பல முறை திருத்தப்பட்டாலும், இன்றும் உலகம் அந்த முறையில்தான் ஓடுகிறது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? அறிவிக்கிறவர் உண்மையைச் சொல்கிறாரா என்று சரிபார்க்க அந்தப் பேப்பரில் இடமே வைக்கவில்லை.

2008 பிப்ரவரி 24

பாகிஸ்தான் அரசின் தொலைத்தொடர்பு ஆணையம் 2008 பிப்ரவரி 22 அன்று ஓர் உத்தரவு போட்டது. இஸ்லாத்தை இழிவுபடுத்துவதாகக் கருதப்பட்ட ஒரு வீடியோவுக்காக, நாட்டில் யூட்யூபைத் தடை செய்ய வேண்டும் என்பது உத்தரவு. பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் அதை நிறைவேற்ற ஒரு சுலப வழியைக் கையாண்டது. "யூட்யூபின் முகவரிகளுக்கு வழி என்னிடம் இருக்கிறது" என்று தன் நாட்டு நெட்வொர்க்குகளுக்குள் அறிவித்தது. அந்த வழியில் வந்த தகவல் எல்லாம் குப்பைக்குப் போகும்படி செய்தது. உள்நாட்டுக்குள் இருந்திருந்தால் இது வெறும் தடை. ஆனால் அந்த அறிவிப்பு வெளியே கசிந்தது. பாகிஸ்தானுக்கு வெளிநாட்டு இணைப்புக் கொடுத்து வந்த ஹாங்காங் நிறுவனமான பிசிசிடபிள்யூ, அதைச் சரிபார்க்காமல் அப்படியே உலகத்துக்குச் சொல்லிவிட்டது. அப்போது நம் நேரப்படி பிப்ரவரி 25 நள்ளிரவு தாண்டி 12.17.

உண்மையான யூட்யூபும் தன் முகவரிகளை அறிவித்துக்கொண்டுதானே இருந்தது, உலகம் ஏன் பாகிஸ்தானை நம்பியது என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் பிஜிபியின் முக்கியமான விதி வருகிறது. ஒருவர் "மயிலாப்பூர் போக இந்தப் பக்கம்" என்கிறார். இன்னொருவர் "மயிலாப்பூர் கச்சேரி ரோடு போக அந்தப் பக்கம்" என்கிறார். நீங்கள் போக வேண்டியது கச்சேரி ரோடு என்றால் யார் பேச்சைக் கேட்பீர்கள்? குறிப்பாகச் சொன்னவர் பேச்சைத்தான். ரவுட்டர்களும் அப்படியே. யூட்யூப் தனது 1,024 முகவரிகளை ஒரே கட்டாக அறிவித்திருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் அதற்குள் 256 முகவரிகள் கொண்ட சிறிய கட்டை மட்டும் அறிவித்தது. யூட்யூப் திறப்பதற்குத் தேவையான முகவரிகள் அந்தச் சிறிய கட்டில்தான் இருந்தன. எனவே உலகின் பெரும்பகுதி ரவுட்டர்கள் யூட்யூபைத் தேடி வந்தவர்களைப் பாகிஸ்தானுக்கு அனுப்பின. அங்கே போனவை திரும்பவில்லை.

யூட்யூப் இன்ஜினியர்கள் பதிலுக்குச் செய்ததும் அதே வித்தைதான். 1.37 மணிக்கு அவர்களும் அதே 256 கட்டை அறிவித்தார்கள். இப்போது இரண்டு அறிவிப்புகளும் ஒரே அளவு என்பதால் சில நெட்வொர்க்குகள் இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமும் போயின. பதினொரு நிமிடம் கழித்து அதையும் பாதியாக உடைத்து, 128 வீதம் இரண்டு துண்டுகளாக அறிவித்தார்கள். 256-க்கும் சிறிய துண்டுகளைப் பல நெட்வொர்க்குகள் ஏற்பதில்லை என்பதால் இதுவும் முழுப் பலன் தரவில்லை. கடைசியில் 2.31-க்கு ஹாங்காங் நிறுவனம் பாகிஸ்தான் டெலிகாமின் அறிவிப்புகளை நிறுத்திய பிறகே எல்லாம் சீரானது. மொத்தம் இரண்டே கால் மணி நேரம். ஒரு நாட்டின் உத்தரவால், அந்த உத்தரவுக்கு எந்த விதத்திலும் கட்டுப்படாத கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரு வெப்சைட் தொலைந்து போனது.

அனுமதி கேட்காத ஊர்

அப்படியானால் ஆரம்பத்திலேயே பூட்டுப் போட்டு, எல்லாவற்றையும் ஓர் அலுவலகத்தின் கையில் கொடுத்திருக்கலாமே? நான் அப்படி நினைக்கவில்லை. யூட்யூப் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். பேபால் கம்பெனியில் வேலை பார்த்த மூன்று இளைஞர்கள் 2005-இல் தொடங்கினார்கள். வீடியோ காட்டப் போகிறோம் என்று எந்த டெலிபோன் கம்பெனியிடமும் விண்ணப்பம் போடவில்லை. அடுத்த ஆண்டே 165 கோடி டாலருக்குக் கூகுள் அதை வாங்கியது. பழைய டெலிபோன் நெட்வொர்க்கில் ஒரு புது வசதி வேண்டுமென்றால், எக்ஸ்சேஞ்சை வைத்திருப்பவர் மனம் வைக்க வேண்டும். இங்கே ரவுட்டர்கள் உள்ளே இருப்பது கடிதமா, பாட்டா, படமா என்று பார்ப்பதில்லை, தள்ளிவிடுவது மட்டுமே அவற்றின் வேலை. புதுமை எல்லாம் இரண்டு முனைகளிலும் உள்ள கம்ப்யூட்டர்களில் நடக்கிறது.

வெப் என்று நாம் சொல்வதே அப்படி வந்ததுதான். 1990-களின் தொடக்கத்தில் அதற்குப் போட்டியாக, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய கோஃபர் என்ற முறை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. 1993-இல் கோஃபர் சர்வர் சாஃப்ட்வேருக்குக் கட்டணம் கேட்கப் போவதாக அந்தப் பல்கலைக்கழகம் சொன்னது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று, டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வெப் சாஃப்ட்வேரை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகம் அறிவித்தது. மக்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கோஃபர் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

சுவிட்ச் இல்லை, ஆனாலும் அணைக்கலாம்

இன்டர்நெட்டுக்கு மெயின் சுவிட்ச் இல்லை என்றேன். ஆனால் ஒரு நாட்டுக்குள் வரும் வாசல்கள் நான்கைந்து கம்பெனிகளின் கையில் இருந்தால், அந்த நான்கைந்து பேருக்கு போன் செய்தால் போதும். எகிப்தில் முபாரக் ஆட்சியை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது இதைத்தான் செய்தார்கள். 2011 ஜனவரி 27 நள்ளிரவு தாண்டியதும், பெரிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் அறிவிப்புகளை வாபஸ் வாங்கின. சுமார் 3,500 வழிகள் அரை மணி நேரத்துக்குள் மறைந்தன. யாரும் கேபிளை வெட்டவில்லை. எகிப்து வழியாக ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே போகும் கேபிள்களில் மற்ற நாடுகளின் தகவல்கள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஊரில் இருந்தவர்களுக்கு மட்டும் எதுவும் திறக்கவில்லை. பங்குச் சந்தைக்கு இணைப்புக் கொடுத்த நூர் என்ற நிறுவனத்தை மட்டும் முதலில் விட்டுவைத்தார்கள், சில நாட்களில் அதையும் நிறுத்தினார்கள். மக்கள் பழைய டயல்-அப் மோடங்களைத் தூசி தட்டி, வெளிநாட்டு எண்களுக்கு டயல் செய்து வெளியே செய்தி சொன்னார்கள். பிப்ரவரி 2-ஆம் தேதி இணைப்பு திரும்பியது. இதனால் ஏற்பட்ட நேரடி நஷ்டம் 9 கோடி டாலர் இருக்கும் என்று ஓஇசிடி அமைப்பு கணக்கிட்டது. பிப்ரவரி 11 அன்று முபாரக் பதவி விலகினார்.

நம் நாட்டுக்கும் இதில் அனுபவம் உண்டு. 2003 செப்டம்பரில், மேகாலயாவைச் சேர்ந்த ஒரு பிரிவினை இயக்கத்தின் யாஹூ குழுவைத் தடுக்கும்படி மத்திய அரசு உத்தரவிட்டது. ஒரே ஒரு குழுவை மட்டும் தடுக்க இன்டர்நெட் நிறுவனங்களுக்கு வழி தெரியவில்லை. யாஹூ குழுக்கள் மொத்தத்தையும் அடைத்துவிட்டார்கள். அந்த நாட்களில் இலக்கியம் பேசிய தமிழ்க் குழுக்கள் பல அங்கேதான் இருந்தன. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். இன்டர்நெட்டில் ஒன்றைத் தடுக்கப் போனால் பக்கத்தில் உள்ளதும் சேர்ந்து அடைபடும் என்பதற்கு, பாகிஸ்தானுக்கு முன்பே நம்மிடம் உதாரணம் இருந்திருக்கிறது.

இப்போது இங்கே அதிகம் நடப்பது வேறு வகை. கலவரம், தேர்வு முறைகேடு என்று காரணம் சொல்லி ஒரு மாவட்டத்தில் மொபைல் டேட்டாவை நிறுத்துகிறார்கள். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்தப்பட்ட 4ஜி சேவை, யூனியன் பிரதேசம் முழுவதும் திரும்ப 2021 பிப்ரவரி ஆனது. இடையே 2020 ஜனவரி 10 அன்று சுப்ரீம் கோர்ட், காலவரையின்றி இன்டர்நெட்டை நிறுத்தக் கூடாது, நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நான் முக்கியமானதாக நினைக்கிறேன். உத்தரவு கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதை எதிர்த்து ஒருவர் கோர்ட்டுக்குப் போக முடியும்.

அந்தப் பேப்பரில் விட்டுப்போன சரிபார்ப்பையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு ஆர்பிகேஐ என்று பெயர். "இந்த முகவரிகளை அறிவிக்க உரிமை உள்ளவர் இவர்தான்" என்று டிஜிட்டல் முறையில் கையெழுத்திட்டு வைத்துவிடுவார்கள். கையெழுத்துக்கு மாறாக வேறொருவர் அறிவித்தால் ரவுட்டர் அதைத் தள்ளிவிடும். 2024-இல் இப்படிக் கையெழுத்திடப்பட்ட வழிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டின. பாகிஸ்தானில் நடந்தது போன்ற கசிவை இது தடுக்கும். எகிப்தில் நடந்ததற்கு இது மருந்து அல்ல. அங்கே அறிவிப்பை வாபஸ் வாங்கியவர்கள், அதற்கு உரிமை உள்ளவர்களே.

கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது, உங்கள் இன்டர்நெட் நிறுவனம் அதைப் பார்க்கவும் வேண்டும். பார்க்கிறதா என்று சோதிக்க, கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020-இல் "இஸ் பிஜிபி சேஃப் யெட்" என்ற வெப்சைட்டைத் தொடங்கியது. அந்தப் பெயரைக் கூகுளில் ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்கும். அதில் உள்ள சோதனைப் பட்டனைக் கிளிக் செய்தால் சில நொடிகளில் விடை வந்துவிடும். ஃபெயில் என்று வந்தால் கஸ்டமர் கேருக்கு போன் செய்து, ஆர்பிகேஐ சோதனை செய்கிறீர்களா என்று கேளுங்கள். போனை எடுப்பவர் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார். டெக்னிகல் பிரிவுக்கு இணைப்புக் கொடுங்கள் என்று விடாமல் கேளுங்கள்.