லோரி போய்விட்டது, எடை போகவில்லையா?

சிம்பாங் ரெங்கத்தில் கணினி படித்துவிட்டு வீட்டருகிலேயே வேலை தேடுகிறவர்கள் செம்பனை ஆலையின் எடைமேடை அறையை மறந்துவிடக் கூடாது. ஊரைச் சுற்றித் தோட்டங்கள். குலை ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஒரு எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு எடை. அந்த வித்தியாசத்துக்குத்தான் சிறுதோட்டக்காரருக்குப் பணம். எடையைக் கிராணியின் கணினிக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு சீரியல் கேபிள். எடை தப்பாக வந்தால் கூப்பிடுவது உங்களைத்தான்.

எரிச்சலூட்டும் புகார் ஒன்று உண்டு: "தம்பி, லோரி இறங்கிப் போயிருச்சு, பழைய எடையே நிக்குது." புதிதாக வேலைக்கு வந்தவர் உடனே கெர்னலைத் தோண்டக் கிளம்புவார். பஃபர் போதவில்லை, பெரிதாக்க வேண்டும் என்பார். பழைய எஸ்சிஓ யூனிக்ஸ் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. டெர்மினல் எழுத்துகளைத் தேக்கிவைக்கும் 'சிலிஸ்ட்' துண்டுகள் தீர்ந்துபோனால் என்சிலிஸ்ட் என்ற எண்ணைக் கூட்டி, கெர்னலை மறுபடி இணைத்து, கணினியை அணைத்து ஏற்றுவார்கள். இன்றைய லினக்ஸில் டெர்மினலின் உள்ளீட்டுப் பஃபர் 4096 பைட். மூலநிரலிலேயே எழுதப்பட்ட அளவு அது. ஓடும்போது மாற்றக் குமிழ் கிடையாது. மாற்ற முடிந்தாலும் இந்தப் புகாருக்கு அது மருந்தில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எடைக்கருவி விநாடிக்கு 10 வரி அனுப்புகிறது, வரிக்கு 20 பைட் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 200 பைட். மென்பொருள் போர்ட்டைத் திறந்துவைத்துவிட்டு, கிராணி பொத்தானை அழுத்தும்போது மட்டும் படிக்கிறது. இடையில் வந்ததெல்லாம் கெர்னலில் குவியும். 4096 பைட் நிரம்பச் சுமார் 20 விநாடி. படிக்கும்போது முதலில் வெளிவருவது பழைய வரிதான். அதாவது முந்தின லோரி. பஃபரை இரண்டு மடங்காக்கினால் பழைய வரிகள் இன்னும் அதிகமாகக் குவியும்.

ஆகவே, மென்பொருள் எழுதியவரிடம் பேசுங்கள். ஒன்று, ஓயாமல் படித்துக் கடைசி வரியை மட்டும் வைத்திருக்க வேண்டும். அல்லது எடை எடுக்கும் நொடியில் பஃபரைக் கழுவிவிட வேண்டும்: லினக்ஸில் டிசிஃப்ளஷ், விண்டோஸில் பர்ஜ்காம். கழுவியதும் வரும் முதல் வரி பாதியில் அறுந்திருக்கலாம், அதை எறிந்துவிடுங்கள். பல கருவிகள் எடை நிலைத்துவிட்டால் 'எஸ்டி' என்றும், ஆடிக்கொண்டிருந்தால் 'யூஎஸ்' என்றும் வரியின் தலையில் போடும். எஸ்டி வராத எடையைச் சீட்டில் அச்சிடவே விடக் கூடாது.

எழுத்தே தொலைந்துபோவது வேறு நோய். 9600 பாட் வேகத்தில் விநாடிக்கு 960 பைட் வரும். 16550ஏ சில்லின் 16 பைட் இடம் (ஃபிஃபோ) சுமார் 17 மில்லிவிநாடியில் நிரம்பிவிடும். லினக்ஸ் கணினியின் சொந்தப் போர்ட் என்றால், ப்ராக், டிடிஒய், டிரைவர் என்று உள்ளே போய் 'சீரியல்' கோப்பைத் திறந்து பாருங்கள். 'ஓஈ' என்று ஓர் எண் இருந்தால் கணினி எடுப்பதற்குள் பைட் வழிந்திருக்கிறது. 'எஃப்ஈ' இருந்தால் கேபிளையோ பாட் வேகத்தையோ சந்தேகப்படுங்கள். பிழையே நடக்கவில்லையென்றால் அந்த எழுத்துகள் கண்ணில் படாது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குள் போய், போர்ட்டின் ஃபிஃபோ பெறும் அளவை 14இலிருந்து குறைத்துப் பார்க்கலாம்.

யூஎஸ்பி கேபிள் என்றால் இரண்டு சங்கதி. எஃப்டிடிஐ சில்லு இயல்பாகவே 16 மில்லிவிநாடி காத்திருந்து அனுப்பும். எடைமேடைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் லினக்ஸில் மோடம் மேனேஜர் ஓடிக்கொண்டிருந்தால், எடைக்கருவியை மோடம் என்று நினைத்துக் கட்டளை அனுப்பித் தொல்லை கொடுக்கலாம். அதை நிறுத்துங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்பும் எஸ்டிடிஒய் கட்டளையை 'ஜி' குறியோடு ஓட்டி, வரும் வரியை எழுதி வையுங்கள். அதையே திருப்பிக் கொடுத்தால் பழைய அமைப்பு வந்துவிடும். லோரிகள் வரிசைகட்டி நிற்கும் பகலில் சோதனை வேண்டாம். வெட்டிய குலை காத்திருக்காது. நேரம் போகப்போக எண்ணெயில் அமிலம் ஏறும். எடைக்கருவியின் முத்திரையைத் தொடவே தொடாதீர்கள். அது 1972ஆம் ஆண்டு நிறுவை, அளவைச் சட்டத்தின் கீழ் வரும் விஷயம். அதற்குரிய ஆள் வரட்டும்.

பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழக மாணவர்கள் தொழிற்பயிற்சிக்கு ஆலைகளையும் கேட்டுப் பார்க்கலாம். நேர்காணலில் இப்படி ஒரு கோளாறைக் காரணம், அளவு, தீர்வு என்று மூன்று நிமிடத்தில் சொல்லத் தெரிந்தால் போதும். ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தால், கெர்னல் எண்களை மளமளவென்று ஒப்பிப்பவரை அனுப்பிவிட்டு, "ஓஈ எத்தனை காட்டுது?" என்று முதலில் கேட்பவரை எடுத்துக்கொள்வேன்.