பாய்லர் திருத்தத் தெரிந்தால் போதுமா? பிரிட்டனில் கேஸ் என்ஜினியர் பயிற்சி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிரிட்டனில் வீட்டு எரிவாயு சிலிண்டரில் வருவது அரிது. தெருவுக்கு அடியில் ஓடும் குழாயிலிருந்து மீட்டருக்கும், அங்கிருந்து பாய்லருக்கும் அடுப்புக்கும் இயற்கை எரிவாயு போகிறது. 2 கோடிக்கும் அதிகமான வீடுகள் குளிர்காலத்தை இந்த பாய்லர்களை நம்பியே கழிக்கின்றன. அவற்றைப் பொருத்துவதையும் பழுதுபார்ப்பதையும் தொழிலாகச் செய்பவர், 1998-ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, கேஸ் சேஃப் ரிஜிஸ்டர் என்ற பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். வேலைக்குத் தட்டுப்பாடு இல்லை, வருமானமும் மோசமில்லை. அதனால் இந்தத் தொழிலுக்குள் நுழைவது பற்றி விளம்பரங்களும் செவிவழிச் செய்திகளும் ஏராளமாக உலவுகின்றன. அவற்றில் பாதி அரை உண்மை. மீதி உண்மையே இல்லை.

“பதிவேடு என்பது வெறும் காகிதச் சடங்கு”

பதிவேட்டின் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1968 மே 16 அதிகாலை, கிழக்கு லண்டனின் நியூஹாம் பகுதியில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18-ஆவது மாடியில், ஒரு பெண் தேநீர் வைக்க அடுப்பைப் பற்றவைத்தார். அடுப்பையும் குழாயையும் இணைத்த பித்தளை மரை தரமற்றது. அதன் வழியே கசிந்த எரிவாயு வெடித்ததில், கட்டடத்தின் ஒரு மூலை அடுக்கடுக்காகச் சரிந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். மற்ற வீடுகளில் இருந்த 4 பேர் இறந்தனர். கட்டடத்தில் மக்கள் குடியேறி இரண்டு மாதமே ஆகியிருந்தது. 

இதன் எதிரொலியாக 1970-இல் கோர்கி என்ற பதிவு அமைப்பு உருவானது. விரும்பியவர் சேரலாம் என்ற நிலையில் தொடங்கி, 1991-இல் அது கட்டாயமானது. 2009 ஏப்ரல் 1 அன்று இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் கேஸ் சேஃப் ரிஜிஸ்டர் அதன் இடத்தைப் பிடித்தது. வட அயர்லாந்துக்கு மாற்றம் ஓராண்டு கழித்து வந்தது. “கோர்கி ஆள்” என்று கேட்டு அழைக்கும் வாடிக்கையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பெயரை மட்டும் காட்டி ஒருவர் இன்று எரிவாயு வேலை செய்தால் அது சட்டமீறல். வாடகை வீட்டுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் பாதுகாப்புச் சான்றை இன்னமும் சிபி12 என்று சொல்கிறார்களே, அதுவும் கோர்கி காலத்துப் படிவ எண்தான்.

“சில வாரப் பயிற்சி, அப்புறம் கேஸ் என்ஜினியர்”

தனியார் பயிற்சி நிலையங்கள் பரப்பும் நம்பிக்கை இது. முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. வகுப்பறைப் பகுதியைச் சில வாரங்களில் முடித்துவிடலாம் என்பது உண்மை. விளம்பரத்தில் சிறிய எழுத்தில் வருவது அதற்குப் பிந்தைய பகுதி.

குழப்பத்தின் வேர் ஏசிஎஸ் என்ற மூன்றெழுத்தில் இருக்கிறது. பலர் அதை ஒரு படிப்பு என்று நினைக்கிறார்கள். அது ஒரு மதிப்பீடு மட்டுமே. ஏற்கெனவே வேலை தெரிந்தவருக்குப் பாதுகாப்பாகச் செய்யத் தெரிகிறதா என்று சோதிப்பது அதன் வேலை. எழுத்துத் தாள்களில் பலவற்றைக் கையேடுகளைத் திறந்துவைத்தே எழுதலாம். எந்த அளவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடி எடுப்பதும் தொழிலின் பகுதி என்பதால் அதில் தவறில்லை. ஆனால் செய்முறைத் தேர்வில் கையேடு கைகொடுக்காது.

புதிதாக வருபவர் நேராக ஏசிஎஸ் எழுத முடியாது. பயிற்சித் தரத்தை வகுக்கும், ஐஜிஇஎம் என்ற துறை அமைப்பின் ஆவணம் விண்ணப்பதாரர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது: எந்த முன்னனுபவமும் இல்லாதவர், பிளம்பிங் போன்ற தொடர்புடைய தொழிலிலிருந்து வருபவர், ஏற்கெனவே பதிவு பெற்றுத் தம் வேலையின் எல்லையை விரிக்க விரும்புபவர். முதல் வகையினருக்குப் பயிற்சி மிக நீளம். வகுப்பு முடிந்ததும், பதிவு பெற்ற என்ஜினியர் ஒருவரின் மேற்பார்வையில் உண்மையான வீடுகளில் வேலை பார்க்க வேண்டும். ஒவ்வொரு வேலையையும் புகைப்படம், அளவீடு, மேற்பார்வையாளரின் கையெழுத்து ஆகியவற்றோடு ஒரு தொகுப்பேட்டில் பதிய வேண்டும். அந்த ஏடு நிறைவடைந்த பிறகே மதிப்பீட்டுக்கான கதவு திறக்கும்.

பலர் சறுக்கும் இடம் இந்தத் தொகுப்பேடுதான். ஆயிரக்கணக்கான பவுண்டு கட்டி வகுப்பை முடித்தவர்கள், தம்மை உடன் அழைத்துச் செல்ல ஒரு என்ஜினியர் கிடைக்காமல் மாதக்கணக்கில் நிற்பது உண்டு. மேற்பார்வை செய்பவருக்கு அதனால் வேகம் குறைகிறது, பொறுப்பு கூடுகிறது. பயிற்சி பெறுபவர் செய்யும் தவறுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. ஆகவே பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வகுப்பு எத்தனை வாரம் என்பதல்ல. வேலையிடத்தை நிலையமே ஏற்பாடு செய்கிறதா, அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதே.

சம்பளத்தோடு கற்கும் தொழிற்பழகுநர் வழியும் உண்டு. எரிவாயுப் பணியாளருக்கான மூன்றாம் நிலைப் பயிற்சி இங்கிலாந்தில் பொதுவாக 18 மாதம். பிளம்பிங்கையும் வீட்டு வெப்ப அமைப்பையும் சேர்த்துக் கற்கும் பயிற்சி ஏறக்குறைய நான்கு ஆண்டு. நீண்ட வழிதான் என்றாலும், வேலையிடம் தேடி அலையும் தலைவலி இதில் இல்லை.

“பட்டம் வேண்டும்”

வேண்டியதில்லை. பல்கலைக்கழகப் பொறியியல் பட்டம் இருந்தாலும் அது பதிவேட்டில் இடம் வாங்கித் தராது. பாய்லர் நிறுவனங்கள் நடத்தும் பயிற்சி நாட்களும் அப்படியே. குறிப்பிட்ட மாடலைத் திருத்த அவை உதவும், உரிமை தராது.

“அனுபவமுள்ள பிளம்பருக்கு இது தானாகவே வந்துவிடும்”

தண்ணீர்க் குழாயும் எரிவாயுக் குழாயும் ஒரே செம்பில் செய்யப்பட்டவை என்பதால் எழும் நம்பிக்கை. பிளம்பருக்குக் குழாய் வளைக்கவும் பற்றவைக்கவும் தெரியும் என்பதால் பயிற்சிக் காலம் சுருங்கலாம். ஆனால் ஏசிஎஸ் தேறாத பிளம்பர் எரிவாயுக் குழாயில் ஒரு மூட்டைக்கூடத் தொழிலாகக் கழற்றி மாட்டக் கூடாது. வெளிநாட்டில் எத்தனை ஆண்டு வேலை பார்த்திருந்தாலும், கையில் இருக்கும் அனுபவச் சான்றிதழ் மட்டும் இங்கே பதிவு வாங்கித் தராது.

“நீலமாக எரிந்தால் நல்லது, கசிந்தால் மூக்கு காட்டிக்கொடுக்கும்”

பயிற்சியின் பெரும்பகுதி இந்த ஒரு நம்பிக்கையைக் கலைப்பதற்கே செலவாகிறது என்று சொன்னாலும் மிகையில்லை.

முதலில் மணம். இயற்கை எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்று கந்தகச் சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். அந்த நெடி எரியாத வாயுவை மட்டுமே காட்டும். சரியாக எரியாதபோது உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. 1967 முதல் 1977 வரை நாடு முழுவதும் நிலக்கரி வாயுவிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. பழைய வாயுவிலேயே கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது, புதியதில் இல்லை. “இப்போதைய கேஸ் நச்சில்லை” என்ற பேச்சு அப்போது வேரூன்றியது. குழாயில் வரும் வாயுவைப் பற்றி அது சரி. பாய்லருக்குள் நடப்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஒரு கன மீட்டர் மீத்தேன் முழுமையாக எரிய ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று வேண்டும். காற்று குறைந்தாலும், புகைக்குழாய் அடைத்துப் புகை அறைக்குள் திரும்பினாலும், கார்பன் மோனாக்சைடு பெருகும். இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிணைவது அதன் இயல்பு. ஆகவே பயிற்சி பெறுபவர் பாய்லரின் உள்ளுறுப்புகளைக் கற்பதற்கு முன்பே அறையின் சுவரைப் பார்க்கக் கற்கிறார். அறைக் காற்றை எடுத்து எரியும் சாதனமாக இருந்தால், 7 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 5 சதுர சென்டிமீட்டர் நிரந்தரக் காற்றுத் திறப்பு வேண்டும். 17 கிலோவாட் பாய்லருக்கு 50 சதுர சென்டிமீட்டர். குளிர்கிறது என்று வீட்டுக்காரர் அந்தத் திறப்பைப் பழைய துணியால் அடைத்திருப்பது என்ஜினியர்கள் அடிக்கடி காணும் காட்சி.

அடுத்தது சுடரின் நிறம். பழைய அடுப்புகளில் மஞ்சள் சுடர் எச்சரிக்கைதான். ஆனால் நிலக்கரித் தணல்போலத் தோற்றம் தரும் அலங்கார கேஸ் கணப்புகள் மஞ்சளாக எரியும்படியே வடிவமைக்கப்பட்டவை. இன்றைய கண்டன்சிங் பாய்லர்களிலோ சுடர் மூடிய அறைக்குள் எரிவதால் கண்ணுக்கே எட்டாது. அங்கே கண்ணின் வேலையை அளவுகருவி செய்கிறது. புகைக்குழாயில் ஆய்வுக்குழலைச் செருகி, கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதத்தைப் படிக்கிறார்கள். புதிய கண்டன்சிங் பாய்லரைப் பொருத்தும்போது அது 0.004-க்குக் கீழே இருக்க வேண்டும். இதற்கென்றே சிபிஏ1 என்று தனி மதிப்பீடு உண்டு.

கசிவுக்கும் அளவுதான் சாட்சி. மூட்டுகளில் சோப்புக் கரைசல் பூசிக் குமிழி பார்ப்பது இடத்தைக் கண்டுபிடிக்க உதவும். குழாய் முழுதும் இறுக்கமாக இருக்கிறதா என்பதை அழுத்தமானி சொல்ல வேண்டும். முதலில் தாழ்ந்த அழுத்தத்தில் மீட்டர் வால்வு முழுதாக மூடுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு 20 முதல் 21 மில்லிபார் வரை ஏற்றி, நிலைப்பட விட்டு, 2 நிமிடம் அளவைக் கவனிப்பார்கள். புதுக் குழாயில் கண்ணுக்குத் தெரியும் சரிவே கூடாது. வால்வுச் சோதனையைத் தவிர்ப்பது பயிற்சி பெறுபவர்கள் அவசரத்தில் செய்யும் தவறு. வால்வு கசிந்தால் உள்ளே வரும் வாயு வெளியே போகும் வாயுவை ஈடுகட்டிவிடும். அழுத்தமானி அசையாமல் நின்று பொய் சொல்லும்.

பாய்லர் வேலை முடிந்ததும் சட்டம் நான்கு சோதனைகளைக் கேட்கிறது: புகைக்குழாய் சரியாக இழுக்கிறதா, எரிவதற்குக் காற்று போதுமா, இயக்க அழுத்தமோ வெப்ப அளவோ சரியா, சாதனம் பாதுகாப்பாக இயங்குகிறதா. பாய்லரை ஓடவைத்துவிட்டு இவற்றைச் செய்யாமல் கிளம்புபவர் வாடிக்கையாளர் கண்ணில் கெட்டிக்காரர். சட்டத்தின் கண்ணில் அவர் வேலையை முடிக்கவில்லை.

“ஒரு முறை தேறினால் கேஸில் ஓடும் எல்லாவற்றிலும் கைவைக்கலாம்”

பதிவு பெற்றவரிடம் புகைப்படத்தோடு மஞ்சள் அடையாள அட்டை இருக்கும். பலர் அதன் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் எதைத் தொடலாம் என்பது பின்பக்கத்தில் இருக்கிறது. வீட்டு எரிவாயுப் பாதுகாப்பின் அடிப்படை மதிப்பீடான சிசிஎன்1 ஓர் அடித்தளம் மட்டுமே. அதற்கு மேல் பாய்லருக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் சென்வாட், அடுப்புக்கு சிகேஆர்1, அறை வெப்பமூட்டிக்கு எச்டிஆர்1, மீட்டருக்கு மெட்1 எனத் தனித்தனி. பாய்லர் மட்டும் எழுதியவர் அதே சமையலறையில் இருக்கும் அடுப்பைப் பொருத்தக் கூடாது.

உணவகச் சமையலறை வேறு பிரிவு. எல்பிஜி வேறு பிரிவு. இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போகும். எல்பிஜி கனமானது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். இயக்க அழுத்தமும் வேறு. படகு வீடுகளிலும் கேரவன்களிலும் எல்பிஜி பயன்படுவதால், அங்கே வேலை செய்ய அதற்கான கூடுதல் மதிப்பீடு தேவை.

“ஆபத்து என்று கண்டால் இணைப்பைத் துண்டிக்க அதிகாரம் உண்டு”

பயிற்சி முடித்தவர்களிடமே நீடிக்கும் நம்பிக்கை இது. கடமை உண்டு, அதிகாரம் இல்லை. துறைக்கென வகுத்த நடைமுறை, பாதுகாப்பற்ற நிலையை இரண்டாகப் பிரிக்கிறது: உடனடி ஆபத்து, ஆபத்துக்குரியது. உடனடி ஆபத்தென்றால் என்ஜினியர் வீட்டாரிடம் விளக்கி, அனுமதி பெற்று, சாதனத்தைத் துண்டித்து, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி, எழுத்தில் கொடுக்க வேண்டும். வீட்டார் மறுத்தால் கட்டாயப்படுத்த முடியாது. அவசர எண்ணை அழைக்க வேண்டும். உள்ளே நுழைந்து துண்டிக்கும் சட்ட அதிகாரம் எரிவாயு வலையமைப்பு நிறுவனத்துக்கே இருக்கிறது. குளிர்கால இரவில் ஒரே பாய்லரை நிறுத்தச் சொல்லி வீட்டாரை இணங்கவைப்பது தொழில்நுட்பத்தைவிடக் கடினம். பயிற்சியில் இதற்கு இன்னும் அதிக நேரம் ஒதுக்கலாம்.

“கூலி வாங்காமல் செய்தால் சட்டம் பொருந்தாது”

எரிவாயு வேலையைத் திறமையுள்ளவர் மட்டுமே செய்ய வேண்டும் என்ற விதி கூலிக்கும் இலவசத்துக்கும் ஒன்றே. மைத்துனருக்கு உதவியாகச் செய்தது என்பது கசிந்த குழாய்க்குச் சமாதானம் ஆகாது.

“ஒரு முறை தேறினால் ஆயுளுக்கும் போதும்”

ஏசிஎஸ் சான்று 5 ஆண்டுக்கே செல்லும். அதற்குள் மறுமதிப்பீடு எழுத வேண்டும். காலாவதிக்கு 6 மாதம் முன்பிருந்தே எழுதலாம், பழைய காலாவதித் தேதியை இழக்க வேண்டியதும் இல்லை. பதிவேட்டுக் கட்டணம் ஆண்டுதோறும் தனி. சான்று காலாவதியான மறுநாள் செய்யும் வேலை, பதிவில்லாதவர் செய்யும் வேலைக்குச் சமம். புதிய பாய்லர் பொருத்தினால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 30 நாளுக்குள் கேஸ் சேஃப் வழியாகக் கட்டட விதிகளின்கீழ் அறிவிக்கவும் வேண்டும்.

பாய்லருக்கு மாற்றாக வெப்ப பம்ப் வந்தபின் இந்தத் தொழில் அழியும் என்ற பேச்சு அண்மையில் சேர்ந்தது. வெப்ப பம்புக்கான தகுதி தனி, அதை ஏசிஎஸ் தராது. ஆனால் குழாய் அளவு, ரேடியேட்டர் அளவு, ஒரு வீடு இழக்கும் வெப்பத்தின் கணக்கு ஆகியவை இரண்டுக்கும் பொது. இருக்கும் கோடிக்கணக்கான பாய்லர்களோ ஒரே நாளில் கழற்றப்படப் போவதில்லை. கழற்றும் நாளிலும் எரிவாயுக் குழாயைப் பாதுகாப்பாக மூடி முடக்க, பதிவு பெற்ற ஒருவரே வர வேண்டும்.