அறுபதில் நின்ற எண்

திரையில் பாயும் உருவங்கள் உண்மையில் பாய்வன அல்ல. அசையாப் படங்கள் அடுத்தடுத்துத் தோன்றுதலால் அவை அசைவன போலக் காண்கின்றோம். ஒரு நொடியில் எத்துணைப் படங்களைத் தீட்ட வல்லது என்பதே கணிப்பொறியின் விரைவிற்கு ஓர் அளவு.

லினக்ஸ் இயங்குதளத்தில் 'ஓப்பன் அரீனா' என்னும் விளையாட்டைக்கொண்டு இதனை அளப்பார் உளர். 2005ஆம் ஆண்டில் மூலநிரல் வெளியிடப்பெற்ற 'குவேக் 3' விளையாட்டின் வழிவந்த இது, யாவரும் எடுத்தாளத் தக்கது. பழைய பொறியிலும், பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த புதிய பொறியிலும் இதனை ஓட்ட, ஈரிடத்தும் 60 என்னும் எண்ணே வருதல் உண்டு. அதுகண்டு, புதியதற்கு ஈந்த பொருள் வீண் எனல் பொருந்துமோ?

திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதாயின், அடுத்த புதுப்பிப்பு வரும்வரை பொறி காத்திருக்குமாறு செய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதனை 'வி-சிங்க்' என்பர். படம் இடையே கிழிந்தாற்போலத் தோன்றாமைப் பொருட்டு அமைந்தது அது. விளையாடுவார்க்கு நன்று; அளப்பார்க்கோ, குதிரையைக் கட்டிவைத்து அதன் ஓட்டத்தைக் காண்பது போலாம். 'மேசா' இயக்கியில் 'விபிளாங்க் மோட்' என்னும் சூழல்மாறிக்குச் சுழியம் தந்து விளையாட்டைத் தொடங்கின் அக்கட்டு அவிழும்.

அவிழ்த்த பின்னரும் எண் 85 அளவில் நின்றுவிடுதல் கூடும். ஈது திரையின் செயலன்று. விளையாட்டே தனக்கு இட்டுக்கொண்ட வரம்பு. முன்னர்ப் பதிந்து வைத்த ஆட்டம் ஒன்றை 'டைம்டெமோ' முறையில் ஓட்டினால் அவ்வரம்பு தடுப்பதில்லை.

பின்னரும் ஐயம் எழுமாயின், படத்தின் நுணுக்கத்தைக் குறைத்து மீண்டும் அளக்க. எண் உயர்ந்தால் வரைகலைப் பகுதியே அதுவரை தளர்ந்திருந்தது என்க. உயராதாயின், மையச் செயலகத்தையும், மின்சிக்கனம் கருதி அதன் விரைவைக் குறைத்திருக்கும் அமைப்பையும் நோக்குக.