இளநீர் வண்டியில் க்யூஆர், நூலகத்தில் பதிவேடு: ஏன்?

டிபிஎம்எஸ் லேப்ல மினி புராஜெக்ட் எல்லாருமே செஞ்சிருப்போம். அதில் அடிக்கடி வரும் தலைப்பு எது? லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்! புத்தகத்துக்கு ஒரு டேபிள், உறுப்பினருக்கு ஒண்ணு, இரவலுக்கு ஒண்ணு. வைவா முடிந்ததும் அந்த ஃபோல்டரை யாரும் திறப்பதில்லை. ஆனால் நம் பக்கத்துக் கிளை நூலகங்கள் பலவற்றில் இன்றும் பேனாவும் பதிவேடும்தான். மாமல்லபுரம் கடற்கரை இளநீர் வண்டியிலோ க்யூஆர் அட்டை தொங்குகிறது.

"கவர்ன்மென்ட்னாலே ஸ்லோதான்" என்று சொல்லிவிடலாம். அது காரணத்தைச் சொல்வதில்லை. கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

1. முதல் பலன் எப்போது?

க்யூஆர் அட்டையை மாட்டிய அன்றைக்கே முதல் பணம் வந்துவிடும். நூலகத்துக்கு ஒரு கணக்குப் போடுங்க. ஒரு கிளையில் 20,000 புத்தகங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைப் பதிவுசெய்து பார்கோடு ஒட்ட 3 நிமிடம் என்றால் மொத்தம் 60,000 நிமிடம், அதாவது 1,000 மணி நேரம். தினம் 8 மணி நேரம் வேறு வேலையே பார்க்காமல் உட்கார்ந்தாலும் 125 நாள். அதுவரை பதிவேட்டையும் எழுதணும், கம்ப்யூட்டரிலும் ஏத்தணும். வேலை குறைவதற்கு முன்னால் இரட்டிப்பாகிறது. பல திட்டங்கள் பாதியில் நிற்பது இங்கேதான்.

2. முடிவு யாருடையது?

இளநீர்க்காரர் தானே முடிவெடுக்கிறார். ஒரு நிறுவனத்தின் அட்டை சரிவரலைன்னா கழற்றிவிட்டு வேறு மாட்டுவார். 'ஜிபே இல்ல' என்று சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த வண்டிக்குப் போவது அவர் கண்ணெதிரே நடக்கும்.

நூலகர் அப்படி முடிவெடுக்க முடியாது. 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா நூலக வரியாகச் சேர்கிறது. கடற்கரை ஓட்டல்காரர் கட்டும் வரியிலும் அது உண்டு. பொதுப்பணம் என்பதால் தணிக்கை உண்டு. கொள்முதலுக்கு 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டமும் உண்டு. இவை தேவையான பூட்டுகள்தான். சிக்கல் வேறு இடத்தில்: தேடிய புத்தகம் கிடைக்காத வாசகர் சத்தமில்லாமல் வராமல் போகிறார். அந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

3. ரோடு போட்டது யார்?

யுபிஐ-யை இளநீர்க்காரர் உருவாக்கவில்லை; ஜிபே, போன்பே நிறுவனங்களும் உருவாக்கவில்லை. 2016-ல் என்பிசிஐ கொண்டுவந்த பொது அமைப்பு அது. அந்த ரோட்டில்தான் தனியார் வண்டிகள் ஓடுகின்றன.

நூலகத்துக்கு மென்பொருள் தட்டுப்பாடு கிடையாது. நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக எழுதப்பட்ட கோஹா 2000-லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. நம்ம மினி புராஜெக்ட்டை விட நல்லாவே வேலை செய்யும்! தேவைப்படுவது பொதுவான நூற்பட்டியல். ஒரே தலைப்பு பல கிளைகளுக்குச் சேர்த்து வாங்கப்படுகிறது. வாங்கும் இடத்திலேயே ஒருமுறை விவரம் ஏற்றினால், கிளையில் ஸ்கேன் செய்தால் போதும். 3 நிமிடம் அரை நிமிடமானால் 125 நாள் வேலை 21 நாளில் முடியும். ஐஎஸ்பிஎன் இல்லாத பழைய தமிழ் நூல்களை மட்டும் கையால்தான் ஏற்றணும்.

4. எதைக் காப்பியடிக்கக் கூடாது?

யார் என்ன வாங்கினார் என்பது கடைக்கு லாபம் தரும் தகவல். யார் என்ன படித்தார் என்பதை நூலகம் அப்படிப் பயன்படுத்தக் கூடாது. கையில் ஃபோன் இல்லாத தாத்தாவுக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் கதவு திறந்தே இருக்கணும். கடை தன் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கலாம், நூலகத்தால் முடியாது.

நூலகம் என்றாலே மெதுவானது என்றும் நினைக்க வேண்டாம். 1931-லேயே மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் கிராமம் கிராமமாகப் போனது. கையில் இருந்த தொழில்நுட்பம் மாட்டுவண்டி. முதல் ஊரிலேயே பலன் கிடைத்தது.

அந்தப் பாடத்தை நாமும் எடுத்துக்கலாம். 20,000 புத்தகங்களோடு தொடங்க வேண்டாம். நூலகரிடம் அனுமதி வாங்கி, அதிகம் பேர் தேடும் டிஎன்பிஎஸ்சி அலமாரியை மட்டும் எடுங்க. 500 புத்தகம் என்றால் 25 மணி நேரம். ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு சனிக்கிழமை வேலை. பட்டியலை இணையத்தில் ஏற்றிவிட்டால், மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக 30 கிலோமீட்டர் பஸ்ஸில் செங்கல்பட்டு வரும் ஒருவர், அங்கே அந்தப் புத்தகம் உண்டா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்வார்.

அடுத்த செமஸ்டர் மினி புராஜெக்ட்டுக்கு இன்னும் தலைப்பு முடிவு பண்ணலையே?