கேரர் விசாவில் போனால் தானாக நர்ஸ் ஆகிவிடலாமா?

நர்சிங் முடித்த பிள்ளைகள் ஆண்டுக்கணக்காக ஒரே கேள்வியோடு வருகிறார்கள். “முதல்ல கேரர் விசால பிரிட்டன் போயிட்டா, ஒரு வருஷத்துல தானா நர்ஸ் ரிஜிஸ்ட்ரேஷன் கெடச்சிடுமாமே அக்கா?” கிடைக்காது. யாருக்கும் அப்படிக் கிடைத்ததும் இல்லை. அதைவிடப் பெரிய கூத்து, வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேரர்களை, அதாவது பராமரிப்புப் பணியாளர்களை, எடுப்பதையே பிரிட்டன் 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டது. மூடிய தியேட்டருக்கு ஏஜென்ட்கள் பிளாக்கில் டிக்கெட் விற்கிறார்கள். நாம் நகையை அடகு வைத்து வாங்குகிறோம்.

விசா கொடுத்த காலம் மட்டும் என்ன வாழ்ந்தது? 2022 பிப்ரவரியில் கேரர்களுக்கு வழிவிட்டார்கள். 2022 ஜூலைக்கும் 2024 கடைசிக்கும் இடையில் 470-க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்கள் ஆள் எடுக்கும் உரிமத்தை இழந்தன. 39,000-க்கும் அதிகமான ஊழியர்கள் அந்த நிறுவனங்களை நம்பி வந்தவர்கள். 2024 மார்ச்சிலிருந்து கேரர்கள் குடும்பத்தை அழைத்துவரவும் தடை.

தானாக நர்ஸ் ஆகலாம் என்ற இந்த வதந்திக்கு ஒரு துளி உண்மை ஆதாரம் உண்டு, ஏஜென்ட் பிடித்துக்கொண்டு தொங்குவது அதைத்தான். பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்எம்சி அமைப்பு, அங்கே மருத்துவ, பராமரிப்புப் பணியில் 12 மாதம் இருந்தவரின் முதலாளி தரும் சான்றை 2023 பிப்ரவரி முதல் ஏற்கிறது. ஆனால் எதற்கு? ஆங்கிலத் திறமைக்கு மட்டும். அதுவும் ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு, அல்லது மொழித் தேர்வில் மயிரிழையில் கோட்டைவிட்டவர்களுக்கு. கணினித் தேர்வும் ஆஸ்கி செய்முறைத் தேர்வும் அப்படியே நிற்கின்றன.

ஆஸ்கியில் பத்து நிலையங்கள். நோயாளியை மதிப்பிடு, திட்டம் எழுது, மருந்து கொடு, அடுத்தவரிடம் ஒப்படை, பிறகு கைத்திறன்கள். கேரர் வேலையைக் குறைத்துப் பேசவில்லை, முதுகொடிக்கும் வேலை அது. ஆனால் ஐவி மருந்தை அங்கே தொடவிட மாட்டார்கள். இரண்டு வருஷம் அப்படி இருந்தால் ஐசியூவில் பழகிய கையும் மறந்துபோகும்.

நேர்வழி ஒன்றும் ரகசியமில்லை. ஆங்கிலத் தேர்வையும் கணினித் தேர்வையும் இங்கிருந்தே முடிக்கலாம். மருத்துவமனை வேலை கிடைத்துப் போனால் 12 வாரத்துக்குள் ஆஸ்கியை முதல்முறை எழுத வேண்டும், எட்டு மாதத்துக்குள் பதிவு முடிய வேண்டும். பின் நம்பர் எனும் பதிவு எண் வந்ததும், நர்ஸுக்கான பேண்ட் 5 சம்பளம். வேலைகள் முன்புபோல் கொட்டிக் கிடக்கவில்லை, காத்திருக்கத்தான் வேண்டும்.

மற்ற கதைகளைச் சட்டென்று முடிக்கிறேன். ஜிஎன்எம் டிப்ளமா செல்லாதா? செல்லும். நாற்பது வயது தாண்டினால் பதிவு கிடையாதா? வயது வரம்பே இல்லை. ஐஇஎல்டிஎஸ் தவிர வேறு வழியில்லையா? ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு இருக்கிறது, அதில் வரும் கேள்விகள் வார்டு சம்பந்தப்பட்டவை. ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்பது சட்டப்படியா? இந்தியச் சட்டம் அனுமதிக்கும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது. அங்கே ஒரு நடை போகாமல் டெலிகிராம் குழுவை நம்புகிறவர்களை என்ன சொல்ல?

நம் பிள்ளைகள் ஆஸ்கியில் திணறுவது எங்கே தெரியுமா? ஊசியில் அல்ல, வாயில். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று நாலு படியில் நோயாளியைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும். நம் கல்லூரிகளோ ரவுண்ட்ஸில் டாக்டர் முன்னால் கையைக் கட்டி நிற்பதையே மரியாதை என்று பழக்குகின்றன. “உங்கள் பரிந்துரை என்ன?” என்று கேட்டால் நாலாவது படியில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வெளிநாட்டை விடுங்கள், உள்ளூர் வார்டில் இரவு மூன்று மணிக்கு பிபி விழும்போதும் இதே மௌனம்தான். டியூட்டி மாறும்போது நோட்டைக் கைமாற்றிவிட்டு ஓடாமல், இறுதியாண்டு மாணவி ஒவ்வொருத்தியும் படுக்கைக்குப் படுக்கை நின்று வாயால் சொல்லட்டும். கல்லூரி முதல்வர் அம்மாக்களே, இதற்கு எந்த விசாவும் வேண்டாம், அடுத்த திங்கட்கிழமையே ஆரம்பிக்கலாம்.