கினிப்பன்றி வீட்டுக்கு வருமுன்

கினிப்பன்றி பன்றி இனத்தைச் சேர்ந்தது அன்று. ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்கும் அதற்கும் உறவில்லை. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறைச்சிக்காகப் பழக்கப்படுத்தப்பட்ட கொறிவிலங்கு அது. பெருவிலும் பொலிவியாவிலும் இன்றும் 'கூய்' என்ற பெயரில் வீடுகளில் வளர்கிறது. தமிழில் அதற்குச் சீமைப்பெருச்சாளி என்ற பெயரும் உண்டு. வளர்ந்தது 700 கிராம் முதல் 1,200 கிராம் வரை இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 5 முதல் 8 ஆண்டுகள் வாழும். கடிப்பது அரிது, சுவர் ஏறாது, பசித்தால் விசில் அடிப்பதுபோல் கீச்சிட்டுக் கூப்பிடும். குழந்தைகள் உள்ள வீடுகள் இதை விரும்புவது இந்தக் குணங்களுக்காகத்தான்.

விலை குறைவு என்பதே இந்த விலங்குக்குப் பல வீடுகளில் தீங்காகிவிடுகிறது. பார்த்த மாத்திரத்தில் வாங்கி, அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, அதன்பிறகு அது என்ன தின்னும் என்று விசாரிக்கிறார்கள். வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். முதலில் மருத்துவர், அடுத்துப் புல், பிறகு குளிர்ந்த இடம், பிறகு கூண்டு. இவை நான்கும் அமைந்தபின் கடைசியாக வர வேண்டியது விலங்கு.

முதலில் மருத்துவர்

ஆடு, மாடு, நாய் பார்க்கும் கால்நடை மருத்துவர் பெரும்பாலான ஊர்களில் உண்டு. கினிப்பன்றியைக் கையாண்டு பழகியவர் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. வாங்குவதற்கு முன்பே அருகிலுள்ள மருத்துவர்களிடம் கேட்டு, பார்க்கக்கூடியவர் ஒருவரின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி யாரும் கிடைக்காவிட்டால், சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் விசாரிக்கலாம்.

இதை முதலில் வைப்பதற்கு அழுத்தமான காரணம் உண்டு. கினிப்பன்றி தின்னும் புல்லின் நார் அதன் பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பெரிய பையில் நுண்ணுயிர்களால் நொதித்துச் செரிக்கிறது. மனிதருக்கும் நாய்க்கும் சாதாரணமாகத் தரும் பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டாமைசின் போன்ற மருந்துகள் அந்த நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிடும். அந்த இடத்தில் நச்சு உண்டாக்கும் கிருமிகள் பெருகி, சில நாட்களில் விலங்கு இறந்துபோகும். குழந்தைக்கு வாங்கிய சிரப்பில் மீதி இருக்கிறதே என்று இரண்டு சொட்டு ஊற்றுவது அன்பினால் செய்யும் காரியம்தான், ஆனால் அது உயிரைக் குடிக்கும். எந்த மருந்தையும் இந்த விலங்கை அறிந்த மருத்துவர் சொல்லாமல் தரக்கூடாது.

புல்லும் வைக்கோலும்

கினிப்பன்றிக்கு 20 பற்கள். இருபதும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்துத் தின்றால்தான் அவை தேயும். தேயாத கடைவாய்ப்பற்கள் உள்நோக்கி வளர்ந்து நாக்கை அழுத்தும். பசி இருந்தும் விலங்கால் விழுங்க முடியாது. ஆகவே தீனியில் பெரும்பங்கு உலர்ந்த புல்லாக இருக்க வேண்டும். அது இரவும் பகலும் தீராமல் கூண்டில் கிடக்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. உலர்புல் வேறு, வைக்கோல் வேறு. பச்சையாக இருக்கும்போதே அறுத்து உலர்த்திய புல்லில் சத்தும் மணமும் நிறமும் தங்கியிருக்கும். வைக்கோல் என்பது நெல் முற்றி, கதிர் அடித்தபின் எஞ்சும் தாள். அதில் சத்து மிகக் குறைவு. கொல்லையில் நிறைய வைக்கோல் இருக்கிறது, செலவே இல்லை என்று கணக்குப் போடுபவர்களின் விலங்கு வயிறு நிறைந்தும் மெலிந்துபோகும்.

உலகெங்கும் கினிப்பன்றிக்குப் போடும் திமோத்திப் புல் குளிர்நாட்டுப் பயிர். இங்கே செல்லப்பிராணிக் கடைகளிலும் இணையத்திலும் பொட்டலமாகக் கிடைக்கிறது, விலை அதிகம். மாதச் செலவில் பெரும்பகுதி இதற்கே போகும் என்பதை வாங்குமுன் கணக்கில் எடுக்க வேண்டும். அதனுடன் அருகம்புல் போன்ற பசும்புல்லைச் சேர்த்துக்கொள்வது செலவைக் குறைக்கும், விலங்குக்கும் விருந்தாகும். பூச்சிமருந்து தெளித்த வயலோரப் புல்லும் நாய்கள் திரியும் தெருவோரப் புல்லும் கூடாது. பறித்ததை நன்றாக அலசி, நீர் வடிந்தபின் போட வேண்டும். புல்லே தின்று பழகாத விலங்குக்கு முதல் நாளே கட்டுக்கட்டாகப் பசும்புல் போட்டால் வயிறு ஊதும். சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

குதிரைமசால் மிகச் சத்தானது என்பதால் அதை மட்டும் போடுபவர்கள் உண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினையாக உள்ளதற்கும் அது நல்லது. வளர்ந்தவற்றுக்கு அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து மிகை. சிறுநீர்ப்பையில் கல் உண்டாக வழிசெய்யும்.

வைட்டமின் சி

பெரும்பாலான விலங்குகள் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதராலும் கினிப்பன்றியாலும் அது முடியாது. 1907-இல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் ஆக்செல் ஹோல்ஸ்டும் தியோடர் ஃப்ரோலிச்சும் கினிப்பன்றிகளுக்குத் தானிய உணவு மட்டுமே கொடுத்தபோது, நெடுங்கடல் பயணிகளைக் கொன்ற அதே ஸ்கர்வி நோய் அவற்றுக்கு வந்தது. முட்டைக்கோஸ் போன்ற காய்களைச் சேர்த்தபோது நோய் நின்றது. வைட்டமின் சி கண்டறியப்பட்ட வரலாற்றில் அது பெரிய திருப்பம். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும், கடையில் தரும் தானியக் கலவையை மட்டும் போட்டு வளர்க்கும் வீடுகளில் அதே பரிசோதனை தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறது. மூட்டு வீங்கும், நொண்டி நடக்கும், தொட்டால் வலியில் கத்தும், மயிர் சொரசொரக்கும், ஈறில் இரத்தம் கசியும்.

ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். சினையாக உள்ளதற்கு மேல்வரம்பே தேவை. ஒரு பெரிய குடைமிளகாயில் கால் பங்கு இதைக் கிட்டத்தட்ட நிறைவேற்றிவிடும். கொத்தமல்லித்தழை தினமும் தரலாம். கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் இந்தச் சத்து ஏராளம் என்றாலும், முதலாவதில் சர்க்கரையும் இரண்டாவதில் புளிப்பும் இருப்பதால் சிறு துண்டு, வாரத்தில் ஓரிரு முறை போதும். முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச்சத்தும் பசலைக்கீரையில் ஆக்சலேட்டும் மிகுதி. அவற்றை எப்போதாவது தருவதே நல்லது. குடிநீரில் வைட்டமின் சொட்டு கலக்கும் வழக்கம் பயனற்றது. வெளிச்சத்திலும் நீரிலும் அந்தச் சத்து விரைவில் சிதைகிறது. சுவை மாறினால் விலங்கு நீர் குடிப்பதையும் குறைத்துவிடும்.

கினிப்பன்றிக்கென்றே வைட்டமின் சி சேர்த்துச் செய்த பெல்லட் தீனி நாளுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி போதும். முயல் தீனியில் இந்தச் சத்து சேர்ந்திருக்காது. கினிப்பன்றித் தீனியிலும் நாளாக ஆகச் சத்து குறையும். தயாரித்த தேதி பார்த்துச் சிறு பொட்டலமாக வாங்க வேண்டும். சோறு, இட்லி, ரொட்டி, பிஸ்கட், பால், தயிர் எதுவும் ஆகாது. வெங்காயம், பூண்டு, பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு, அதன் தோல், வெண்ணெய்ப்பழம், சாக்லேட் ஆகியவை நஞ்சு.

குளிர்ந்த இடம்

ஆண்டீஸ் மலையில் பிறந்த உடல் இது, வெப்பத்துக்கு ஈடுகொடுக்காது. வியர்த்து உடலைத் தணிக்கும் வழியும் அதற்கில்லை. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் அதற்கு ஏற்றது. 27-க்கு மேல் சிரமப்படத் தொடங்கும். 30-ஐத் தாண்டிய காற்றோட்டமற்ற அறையில் வெப்பத்தாக்கு வரலாம். உதகை, கொடைக்கானல் வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே ஈரக்குளிரிலிருந்து காக்கும் கதகதப்பான மறைவிடம் வேண்டும். வேலூரிலும் மதுரையிலும் சென்னையிலும் சித்திரை வைகாசி மாதங்களில் வெப்பமே உயிர்ப் பிரச்சினை. மொட்டைமாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மேற்கு வெயில் விழும் பால்கனி ஆகிய இடங்களில் கூண்டு வைக்கக்கூடாது.

வீட்டிலேயே குளிர்ச்சியான, காற்றோட்டமுள்ள தரைத்தள அறைதான் கூண்டுக்கு உரியது. கோடைப்பகலில் குளிர்சாதனம் தேவைப்படும். மின்சாரம் போகும் நேரத்துக்காக, உறையவைத்த நீர்ப் பாட்டில்களைத் துணி சுற்றிக் கூண்டின் ஒரு பக்கம் வைக்கலாம். படுத்துக்கொள்ள ஒரு பளிங்கு ஓடோ தரை ஓடோ போடலாம். விலங்கு கால்களை நீட்டிப் படுத்து, வேகமாக மூச்சிரைத்து, எச்சில் வடித்தால் அது வெப்பத்தாக்கு. உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, காதுகளையும் பாதங்களையும் ஈரத்துணியால் ஒற்றியபடியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்கக்கூடாது. கோடையில் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்க இயலாத குடும்பம் கினிப்பன்றி வளர்க்காமல் இருப்பதே நல்லது.

கூண்டு

கடைகளில் விற்கும் பறவைக்கூண்டும் முயல் கூண்டும் இதற்குப் பொருந்தா. கம்பிவலைத் தரை பாதத்தைப் புண்ணாக்கும். புண்ணில் சீழ் பிடித்தால் ஆறுவது கடினம். இரண்டு விலங்குகளுக்குக் குறைந்தது இரண்டரை அடி அகலமும் மூன்றடி நீளமும் கொண்ட சமதளத் தரை வேண்டும். நீளம் நான்கடியானால் இன்னும் நல்லது. மாடிமாடியாக அடுக்கிய உயரத்தால் பயனில்லை. இது ஏறும் விலங்கல்ல, ஓடும் விலங்கு. சுழல் சக்கரமும் உருட்டுப் பந்தும் அதன் முதுகெலும்பைக் கெடுக்கும். பூனையோ பெருச்சாளியோ வரக்கூடிய வீட்டில் மூடி அவசியம்.

தரையில் தடித்த பருத்தித் துணியோ ஃப்ளீஸ் துணியோ விரித்து அடிக்கடி மாற்றலாம். மரக்கடைத் தூள் எந்த மரத்தினது என்று தெரியாது. தூசு நுரையீரலுக்குப் போகும், தேவதாரு போன்ற வாசனை மரங்களின் ஆவி அதைவிடக் கெடுதல். விலங்குக்கு ஒன்றாக மறைவிடம் இருக்க வேண்டும். ஒரு கினிப்பன்றி நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல் புழுக்கை போடும். தினமும் கூட்டுவதற்கு யார் பொறுப்பு என்பதை முன்பே பேசி முடிப்பது வீட்டு அமைதிக்கு நல்லது. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால், புல் தூசு ஒத்துக்கொள்ளுமா என்று பார்த்த பிறகே மேலே யோசிக்க வேண்டும்.

இரண்டாக, ஆனால் பாலினம் பார்த்து

கூட்டமாக வாழும் விலங்கைத் தனியாக அடைப்பது கொடுமை. சுவிட்சர்லாந்து 2008-இல் கொண்டுவந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் கினிப்பன்றியைத் தனியே வளர்ப்பதைத் தடைசெய்கின்றன. மனிதர் எவ்வளவு கொஞ்சினாலும் அந்தத் துணைக்கு ஈடாகாது, முயலும் ஈடாகாது. முயலின் மூச்சுக்குழலில் தீங்கின்றித் தங்கும் போர்டெடெல்லா கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியா தரும்.

ஜோடி என்று கடைக்காரர் தருவது பெரும்பாலும் ஆணும் பெண்ணும். பெண் குட்டி நான்கு வாரத்திலேயே சினைப்படக்கூடும். ஆண் குட்டியை மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினைப்படும். இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு: ஆறேழு மாதம் வரை ஒருமுறையும் ஈனாத பெண்ணின் இடுப்பெலும்பு இறுகிவிடும், அதன்பின் சினைப்பட்டால் குட்டி வெளிவர முடியாமல் தாயும் சேர்ந்து சாகக்கூடும். ஆகவே இரண்டு பெண், அல்லது ஒன்றாகவே வளர்ந்த இரண்டு ஆண். பாலினத்தைக் கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாமல் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்ய வேண்டும்.

தேர்வு

2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றைக் கேட்பதில் தவறில்லை. வளர்க்க இயலாமல் கொடுத்துவிட நினைப்பவர்களிடமிருந்து வளர்ந்த ஜோடியைத் தத்தெடுப்பது இன்னும் சிறந்தது: பாலினம் தெரிந்திருக்கும், ஒன்றோடொன்று பழகியிருக்கும், இரண்டு உயிர்களுக்கு வீடும் கிடைக்கும்.

கண் தெளிவாக, மூக்கு உலர்ந்து, பின்புறம் சுத்தமாக இருக்க வேண்டும். மூச்சில் கரகரப்பு, வழுக்கைத் திட்டு, ஓயாத சொறிதல் இருந்தால் விட்டுவிட வேண்டும். வழுக்கைத் திட்டு படர்தாமரையாக இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும். ஏற்கெனவே ஒன்று வீட்டில் இருந்தால், புதியதை இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

முதல் நாட்கள்

வந்த விலங்கு மறைவிடத்தை விட்டு வெளியே வராது. இரையாகவே வாழ்ந்த இனம். மேலிருந்து நீளும் கை அதற்குப் பருந்து. இரண்டு மூன்று நாள் தூக்காமல், அருகில் அமர்ந்து தழையைக் கையால் நீட்டினால் போதும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சின் கீழும் மறு கை பின்புறத்தின் கீழும் இருக்க வேண்டும். குழந்தைகள் தரையில் உட்கார்ந்து மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே எலும்பு முறியலாம். தீபாவளி வெடிச்சத்தத்தின்போது கூண்டை உள்ளறைக்கு மாற்றித் துணியால் ஒரு பக்கம் மறைக்கலாம். குடிநீர்ப் பாட்டிலின் குழாய் அடைத்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

நோயை மறைப்பது இந்த விலங்கின் இயல்பு. வெளியே தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வைத்தால் அந்த மறைப்பு பலிக்காது. வளர்ந்த விலங்கு ஒரு வாரத்தில் 50 கிராமுக்கு மேல் இழந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரை நாளாகப் புல்லைத் தொடாமல், மயிர் சிலிர்த்து மூலையில் உட்கார்ந்திருந்தால் நாளைக் காலை வரை காத்திருக்க நேரமில்லை. குடல் நின்றுபோவதற்கு ஒரு பகல், ஓர் இரவு போதும்.